மீன் குட்டைக்கும் விதை எடுத்து வையுங்கள்!
குஞ்சுகளின் உயிர் உணவான 'கோபிபாடு'களை ஆண்டு முழுக்கக் காக்கும் வழிகள்

"குட்டை நிறையத் தண்ணீர் கிடக்கிறது. மீன் குஞ்சும் நல்ல இடத்தில்தான் வாங்கினேன். ஒரே மாதத்தில் பாதிக் குஞ்சுகூடக் கண்ணில் படவில்லை. என்ன காரணம்?" வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் திருச்சுழி வட்டாரத்திலிருந்து தவறாமல் வரும் கேள்வி இது.

"கண்ணாடித் தொட்டியில் கடல் தண்ணீர் வைத்து வண்ணமீன் வளர்க்கிறேன். தீவனம் போட்டால் மாண்டரின் மீன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாளுக்கு நாள் மெலிகிறது. என்ன செய்வது?" இது அருப்புக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ஓர் இளைஞரின் கேள்வி.

ஒன்று மழைத்தண்ணீர், மற்றொன்று கடல் தண்ணீர். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும். ஆனால் இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அந்த மீன்களுக்கு வேண்டியது கடைத் தீவனம் அல்ல. ஓடியாடும் உயிர் உணவு. அந்த உணவுக்குப் பெயர் கோபிபாடு. அது தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலையே.

கோபிபாடு என்பது என்ன?

கண்மாய்த் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் வெட்டி வெட்டித் துள்ளும். இரண்டு பக்கமும் இரண்டு சிறு மூட்டை கட்டியதுபோலத் தெரிந்தால் அது சைக்ளாப்ஸ் வகைக் கோபிபாடின் பெட்டை. மூட்டைக்குள் இருப்பவை முட்டைகள். பெரியது என்றாலும் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். இறாலும் நண்டும் எந்தக் குலமோ, அந்தக் குலம்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு, தோலை உரித்து உரித்து வளரும். குஞ்சுப் பருவம் 6, அதன்பின் இளம்பருவம் 5, பிறகுதான் முழு வளர்ச்சி. நம் பகுதி வெப்பத்தில் இந்தச் சுற்று ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். கோபிபாடு வளர்ப்பில் தோற்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சுற்று முடியும்வரை பொறுக்காதவர்கள்தான்.

மீன் குஞ்சுக்கு இது ஏன் உசத்தி? கண், மூளை, நரம்பு வளர்ச்சிக்குத் தேவையான கொழுப்பு அமிலங்கள் இதன் உடம்பிலேயே இருக்கின்றன. கடல்மீன் பொரிப்பகங்களில் கொடுக்கும் ரோட்டிஃபர், ஆர்ட்டிமியா இரண்டுக்கும் தனியாகச் சத்து ஏற்றித்தான் கொடுக்க வேண்டும். கோபிபாடுக்கு அந்த வேலை பெரும்பாலும் இல்லை. அதோடு, துள்ளுகிற இரையைத்தான் குஞ்சு துரத்திப் பிடிக்கும். அசையாமல் மிதக்கும் தவிட்டைச் சில குஞ்சுகளுக்கு இரை என்றே தெரியாது.

நாம் வளர்க்கும் மூன்று கெண்டைகளில் கட்லா, பெரிதான பிறகும் மேல்தண்ணீரில் இந்த மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்று வளரும் மீன். ரோகுவும் மிர்காலும் குஞ்சுப் பருவத்தில் இவற்றை நம்பியே இருக்கின்றன.

விரிப்புப் போட்ட குட்டையில் ஏன் வருவதில்லை?

கண்மாயில் யாரும் கோபிபாடு விடுவதில்லை. ஆனால் மழை பெய்து தண்ணீர் பெருகிய இரண்டே வாரத்தில் நிறைந்துவிடும். எங்கிருந்து வந்தது? கண்மாய் மண்ணிலிருந்துதான். தண்ணீர் வற்றும்போது சில வகைகள் உறங்கும் முட்டைகளை வண்டலில் விட்டுப்போகும். சைக்ளாப்ஸ் வகைகள் சில, இளம்பருவத்திலேயே சேற்றுக்குள் உறங்கிக் கிடக்கும். அடுத்த மழையில் எழுந்துவிடும். கண்மாய் வண்டல் பயிருக்கு உரம் மட்டுமல்ல. மிதவை உயிரிகளின் விதைக் குலுக்கையும் அதுதான்.

இப்போது நம் பண்ணைக்குட்டைக்கு வருவோம். தண்ணீர் கசியாமல் இருக்கப் பாலித்தீன் தாள் விரித்திருக்கிறோம். மண் இல்லை, அதனால் விதையும் இல்லை. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நிரப்பினால் அந்தத் தண்ணீரிலும் விதை கிடையாது. காற்றிலும் பறவைக் காலிலும் வந்து சேரும்தான். ஆனால் அதற்கு நாளாகும். நமக்கு அவ்வளவு நாள் ஏது? ஐப்பசி, கார்த்திகையில் பிடிக்கும் தண்ணீர் பங்குனியைத் தாண்டுவதே பெரிது. ஐந்தாறு மாதத்தில் மீன் விற்கும் எடைக்கு வரவேண்டும். முதல் மாதம் பட்டினியில் போனால், கடைசி மாதம் எவ்வளவு தீவனம் கொட்டினாலும் ஈடாகாது.

மண் தரையுள்ள கரிசல் குட்டைகளில் வேறு சிக்கல். மழைக்குப் பின் களி கலங்கியே நிற்கும். வெளிச்சம் உள்ளே இறங்காது; பச்சை பிடிக்காது; பச்சை இல்லாமல் கோபிபாடு இல்லை. கலங்கல் தெளியும்வரை குஞ்சு விட அவசரப்படக் கூடாது.

விதை எடுப்பது எப்படி?

இரவில் கண்மாய்க் கரையோரம் டார்ச் விளக்கைத் தண்ணீருக்குள் பாயுமாறு கால் மணிநேரம் பிடியுங்கள். வெளிச்சத்துக்குக் கூடும். வாளியில் மொண்டு, முதலில் கொசுவலையில் வடிகட்டுங்கள். தலைப்பிரட்டை, தட்டான் புழு, நீர்ப்பூச்சி, மீன் குஞ்சு எல்லாம் வலையில் நின்றுவிடும். கீழே இறங்கியதை நெருக்கமான நைலான் சேலைத் துணியில் வடித்தால் கோபிபாடு துணியில் தங்கும். துணியை உலரவிடாமல் உடனே தண்ணீரில் அலசி இறக்குங்கள்.

கோடையில் கண்மாய் வறண்டிருந்தால் இன்னொரு வழி உண்டு. தண்ணீர் கடைசியாக நின்ற பள்ளத்தில் மேல்மண்ணை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி ஒரு கூடை எடுங்கள். பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுப்பது முறை. நிழலில் உலர்த்திச் சாக்கில் வைத்துக்கொண்டால், வேண்டும்போது டிரம்மில் இரண்டு கை மண் போட்டு நீர் ஊற்றி எழுப்பிக்கொள்ளலாம்.

எந்த வழியில் எடுத்தாலும் நேரே மீன் குட்டையில் கொட்டாதீர்கள். மீனின் உடம்பில் தைத்துக்கொள்ளும் நங்கூரப் புழுவும் கோபிபாடு குலத்தைச் சேர்ந்ததுதான். மீன் இல்லாத டிரம்மில் ஒரு மாதம் வளர்த்துப் பிறகு குட்டையில் விட்டால், ஒட்டுவதற்கு மீன் கிடைக்காமல் அது செத்துப்போகும். நல்லது மட்டும் மிஞ்சும். எனவே டிரம் வேலையைக் குஞ்சு வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

இரண்டு டிரம் போதும்

200 லிட்டர் நீல டிரம் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த டிரம் ஆகாது. கழுவினாலும் ஆகாது.

* வேப்ப மரத்தடியிலோ பந்தலுக்குக் கீழோ, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். டிரம்மைப் பாதி மண்ணில் புதைத்தால் சித்திரை வெயிலிலும் தண்ணீர் கொதிக்காது.
* குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் திறந்த தொட்டியில் இரண்டு நாள் வெயிலில் வைத்துப் பிறகு ஊற்றுங்கள்.
* 100 கிராம் கடலைப் புண்ணாக்கை இரவு ஊறவைத்துக் கரைத்து, துணியில் வடித்து, அந்தப் பாலை மட்டும் ஊற்றுங்கள். கூடவே ஒரு வாளி கண்மாய்ப் பச்சைத் தண்ணீரைத் துணியில் வடித்துச் சேருங்கள். ஒரு வாரத்தில் பச்சை பிடிக்கும்.
* பச்சை பிடித்த பிறகே கோபிபாடு விதையை இறக்குங்கள்.
* வாய்க்குக் கொசுவலை கட்டுங்கள். வலை இல்லாத டிரம், கொசு வளர்க்கும் டிரம்.

இதன்பின் தினமும் தண்ணீர் நிறத்தைப் பார்ப்பதுதான் வேலை. இளம்பச்சை என்றால் சரியான நிலை. வெளுத்துவிட்டால் உணவு தீர்ந்தது. கொஞ்சம் பச்சைத் தண்ணீரோ புண்ணாக்குப் பாலோ ஊற்றலாம். கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ மாறி நாற்றம் எடுத்தால் உணவு மிஞ்சிவிட்டது. ஊற்றுவதை நிறுத்தி, கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். மாற்றும்போது துணியில் வடித்து, துணியில் நிற்பதைத் திரும்பவும் டிரம்மில் விடுங்கள். பட்டினியில் சாகும் கோபிபாடைவிட, மிஞ்சிய தீவனம் அழுகி மூச்சுமுட்டிச் சாவதுதான் அதிகம். சிறிய காற்றுக்குழாய் ஒன்று போட முடிந்தால் நல்லது. குமிழி மெல்ல வந்தால் போதும்.

கால் பங்குக்கு மேல் கை வைக்காதீர்கள்

நம் பாட்டன்மார் வீட்டில் கம்பும் சோளமும் எவ்வளவு பஞ்சத்திலும் விதைக்கு வைத்ததைத் தொடமாட்டார்கள். கோபிபாடுக்கும் அதே சட்டம்தான்.

விதை இறக்கி இரண்டு வாரம் எதையும் எடுக்காதீர்கள். அதன்பின் ஒருமுறைக்குக் கால் பங்கு மட்டும் வடித்தெடுங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். வடிக்கும் துணி மிக நெருக்கமாக இல்லாமல் இருந்தால் பெரியவை துணியில் நிற்கும். பொடிக்குஞ்சுகள் தண்ணீரோடு இறங்கிவிடும். இறங்கிய தண்ணீரை டிரம்மிலேயே ஊற்றிவிடுங்கள். அடுத்த அறுவடை அதில்தான் இருக்கிறது.

ஏன் இரண்டு டிரம்? என்னதான் கவனித்தாலும் ஏதாவது ஒரு நாள் ஒன்று கெட்டுப்போகும். அன்று மற்றொன்றிலிருந்து பாதி எடுத்து மறுபடி தொடங்கலாம். ஒரே டிரம் வைத்திருப்பவர் மறுபடி கண்மாய்க்குத்தான் போக வேண்டும். அங்கும் தண்ணீர் இருந்தால்தானே! இரண்டு டிரம்முக்கும் ஒரே வாளியையும் துணியையும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள். ஒன்றில் வந்த கேடு மற்றதற்கும் போய்விடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டிரம்மைக் கழுவிப் புதிதாகத் தொடங்குவதும் நல்லது.

குட்டையில் சேர்க்கும் முறை

மீன் குஞ்சு வளர்க்கும் நாற்றங்கால் குளத்துக்கு ஓர் எக்டேருக்குக் கடலைப் புண்ணாக்கு 750 கிலோ, சாணம் 200 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 50 கிலோ என்பது பரிந்துரை. 10 சென்ட் குட்டைக்குக் கணக்குப் போட்டால் புண்ணாக்கு 30 கிலோ, சாணம் 8 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ. இதில் பாதியை ஊறவைத்துக் கரைத்து முதலில் தெளியுங்கள். மீதியை இரண்டு மூன்று தவணையாகத் தண்ணீர் நிறம் பார்த்துக் கொடுங்கள். விடியற்காலையில் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்தால் உரத்தை நிறுத்திப் புதுத் தண்ணீர் பாய்ச்சுங்கள்.

உரமிட்ட குட்டையில் முதலில் ரோட்டிஃபர் போன்ற பொடி உயிரிகள் வரும். பிறகு நீர்ப்பேன் வகைகள். இரண்டு வாரம் சுமாருக்குக் கோபிபாடு பெருகும். இந்த வரிசை முக்கியம். நீங்கள் விடுவது பொரித்து மூன்று நான்கு நாளான நுண்குஞ்சு என்றால், அதைவிடப் பலசாலியான சைக்ளாப்ஸ் அதையே கடித்துக் கொன்றுவிடும். அதற்கு ரோட்டிஃபர் பருவமே சரி. ஓர் அங்குலத்துக்கு மேற்பட்ட குஞ்சு என்றால் கோபிபாடு பெருகிய பிறகு விடுங்கள். வந்த அன்றே விருந்து. விரிப்புப் போட்ட குட்டையானால், உரமிட்டுப் பச்சை கண்டதும் டிரம்மிலிருந்து எடுத்ததை மாலை நேரத்தில் கொண்டுபோய் விடுங்கள். இரண்டு வாரம் கழித்துக் குஞ்சு விடலாம்.

ஓர் எச்சரிக்கை. பருத்திக்கும் மிளகாய்க்கும் அடிக்கும் பூச்சிமருந்து, பூச்சியின் தூரத்து உறவான கோபிபாடையும் கொல்லும். மீன் சாகாத அளவே இதைத் தீர்த்துவிடலாம். கைத்தெளிப்பானைக் குட்டையில் கழுவாதீர்கள். மருந்தடித்த வயலின் வடிகால் குட்டைக்கு வராமல் வரப்பு கட்டுங்கள்.

கடல் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்போருக்கு

அருப்புக்கோட்டை இளைஞரின் கேள்விக்கு வருகிறேன். மாண்டரின் மீன், பாறையில் ஊரும் கோபிபாடுகளை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்று வாழும் மீன். சிறிய தொட்டியில் ஒரே மீன் சில வாரத்தில் இருப்பையெல்லாம் துடைத்துவிடும். அது மெலிவதன் காரணம் இதுதான்.

தொட்டியை ஒட்டி மீன் நுழைய முடியாத தனி அறை ஒன்று வையுங்கள். அதில் கல்துண்டும் நூல்போன்ற கடற்பாசியும் போட்டு, இரவில் சிறு விளக்கு எரியவிடுங்கள். கோபிபாடு அங்கே பெருகி, தண்ணீரோடு தொட்டிக்கு வரும். வழியில் பஞ்சு வடிகட்டி இருந்தால் எடுத்துவிடுங்கள். கூடவே வெளியே இரண்டு ஜாடியில் தனி வளர்ப்பு இருக்கட்டும். அங்கும் கால் பங்குச் சட்டம்தான்.

கடல் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புக் கொண்டது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு அப்படியே நிற்கும். ஆகவே குறைந்த அளவுக்கு மழைநீர் அல்லது சுத்திகரித்த நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறும். "எங்கள் ஊர் போர்த் தண்ணீரே உப்புத்தானே, அதை ஊற்றலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. நாக்குக்கு இரண்டும் கரிக்கும். ஆனால் பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம் இருக்கும் விகிதம் வேறு. கடல் உயிர் அதைத் தாங்காது.

'உயிருள்ள பாறை' வேண்டும் என்று மண்டபம் பக்கம் போய்ப் பவளப்பாறை எடுத்துவரும் எண்ணமே வேண்டாம். பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருப்பவை. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. ஜெயிலுக்குப் போக வேண்டிவரும். முறையாகக் கற்க விரும்பினால், நமக்குக் கிழக்கே மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. 1971-இல் கொச்சிக்கு மாறும்வரை அந்த நிலையத்தின் தலைமையகமே மண்டபத்தில்தான் இருந்தது. கடல் விறால் என்னும் கோபியா மீனை 2010-இல் இனப்பெருக்கம் செய்து காட்டியதும் அங்கேதான்.

வாசகர்கள் கேட்பவை

கேள்வி: சைக்ளாப்ஸ்தானே நரம்புச் சிலந்தி நோயைப் பரப்பியது? அதை வீட்டில் வளர்க்கலாமா?

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். படிக்கிணறுகளிலும் ஊருணிகளிலும் சைக்ளாப்ஸ் வயிற்றில் புழுவின் குட்டி இருந்து, தண்ணீரோடு மனிதர் உடம்புக்குள் போனது. சைக்ளாப்ஸ் தானாக நோயை உண்டாக்குவதில்லை. அது வெறும் வண்டி. இந்தியாவில் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000-ஆம் ஆண்டு இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எனவே பயம் வேண்டாம். ஆனால் சாணமும் புண்ணாக்கும் ஊற்றும் இந்த வளர்ப்பைக் குடிநீர் ஊருணியில் செய்யவே கூடாது. ஊருணித் தண்ணீரை வேட்டித் துணியில் வடித்துக் குடிக்கும் பழக்கத்தையும் விடவேண்டாம்.

கேள்வி: கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து டிரம்மில் மருந்து ஊற்றிவிட்டார். எல்லாம் செத்துவிட்டது. ஏன்?

அவர் ஊற்றியது பெரும்பாலும் 'அபேட்' எனப்படும் டெமிஃபாஸ். நரம்புச் சிலந்தி ஒழிப்பில் சைக்ளாப்ஸைக் கொல்லப் பயன்பட்ட மருந்தே அதுதான். பணியாளர்மேல் குறை சொல்ல முடியாது. டெங்கு வராமல் தடுப்பது அவர் வேலை. டிரம்முக்கு இறுக்கமாகக் கொசுவலை கட்டி, புழு இல்லை என்று திறந்து காட்டி, மருந்து வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு செய்தி: சைக்ளாப்ஸில் பெரிய வகையான மீசோசைக்ளாப்ஸ், கொசுவின் இளம்புழுக்களைத் தின்னும். வியட்நாமில் கிராமத்து மக்களே அதைத் தண்ணீர்த் தொட்டிகளில் விட்டு டெங்குக் கொசுவைப் பல ஊர்களில் ஒழித்திருக்கிறார்கள். அதற்காக நாம் வலை கட்டாமல் இருக்கக் கூடாது.

கேள்வி: கோபிபாடு இருந்தால் தீவனச் செலவே இல்லையா?

அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் மாதம் குஞ்சைப் பிழைக்கவைப்பது கோபிபாடு. அதன்பின் தவிடும் புண்ணாக்கும் கொடுத்தால்தான் எடை ஏறும். பண்ணைக்குட்டையில் சென்டுக்கு 40 குஞ்சுக்கு மேல் விட்டால் இரண்டும் பற்றாது. அதாவது 10 சென்டுக்கு 400 போதும்.

கேள்வி: பயிற்சி, ஆலோசனைக்கு எங்கே போவது?

அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலைய வளாகத்துக்குப் போனால் வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் விசாரிக்கலாம். குஞ்சு, மானியம் பற்றி மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தாருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று வைக்கப்பட்டது. இப்போது எந்த இனத்துக்கு நிதி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு பிறகு செலவில் இறங்குங்கள்.

மழை எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. வந்த தண்ணீரை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துவது நம் கையில் இருக்கிறது. புரட்டாசி பிறக்கும்போதே டிரம்மை நிழலில் வைத்துவிடுங்கள். குட்டை நிறையும் நாளில் விதை உங்கள் வீட்டிலேயே இருக்கும்.